ஸ்லிப்பர் கிளட்ச் வாங்கப் போன கதை

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு, வானொலி நிலையத்துக்குக் கீழே உள்ள கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தேன். புக்கிட் ரோத்தானிலிருந்து சித்தி அழைத்தார்.

"ஐயா, உன் தம்பி சிலிப்பர் வாங்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். தொள்ளாயிரம் வெள்ளியாம். சந்தையில எட்டு வெள்ளிக்கு நல்ல சிலிப்பர் கிடைக்குது. நீயாவது என்னன்னு கேளேன்."

சிரித்துவிட்டேன். ஆனால் சித்திக்குச் சிரிப்பு வரவில்லை. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக இருக்கும் நாட்டில் 900 வெள்ளி என்பது ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். அதுவும் தம்பி தொழிற்சாலையில் இரவு வேலைக்கு மேல் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம்.

அவன் கேட்டது காலுக்குப் போடும் சிலிப்பர் அல்ல, மோட்டாருக்குப் போடும் ஸ்லிப்பர் கிளட்ச். இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். மோட்டார் ஓட்டாத வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் வீட்டிலும் மகனோ, தம்பியோ, மருமகனோ மோட்டாரில்தான் வேலைக்குப் போய் வருவார். நம் நாட்டில் சாலை விபத்தில் உயிரிழப்பவர்களில் 10 பேருக்கு 6 பேருக்கும் மேல் மோட்டார்சைக்கிளில் போனவர்கள். ஆகவே இது எல்லா வீட்டுக்கும் உரிய பேச்சு.

அன்று மாலை தம்பியைப் பிடித்துக் கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு சொன்னான்.

இரண்டு வாரங்களுக்கு முன், விடியற்காலை வேலை முடிந்து வரும்போது மழை. ஆசாம் ஜாவா சமிக்ஞை விளக்கு திடீரென்று சிவப்புக்கு மாறியிருக்கிறது. இவன் நான்காவது கியரிலிருந்து சட்சட்டென்று இரண்டாவதுக்கு இறக்கி, கிளட்சைப் பட்டென்று விட்டிருக்கிறான். பின் டயர் பூட்டிக்கொண்டு வால் இடப்பக்கம் வழுக்கிவிட்டது. எப்படியோ காலை ஊன்றி விழாமல் தப்பித்துவிட்டான். ஆனால் பின்னால் மணல் லாரி ஒன்று ஹாரனை அலறவிட்டு, அவனுக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றிருக்கிறது. பெஸ்தாரி ஜெயா பக்கம் ஓடும் மணல் லாரிகளைப் பற்றி இந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இதைச் சித்தியிடம் அவன் சொல்லவில்லை. நண்பர்களிடம் சொல்லியிருக்கிறான். அவர்கள்தான் ஸ்லிப்பர் கிளட்ச் போடச் சொன்னார்களாம். போட்டால் பின் டயர் பூட்டவே பூட்டாதாம்.

அந்த ஆலோசனை முழுத் தவறும் இல்லை. அது செய்யும் வேலையை முதலில் பார்த்துவிடுவோம்.

வழுக்கிக் கொடுக்கும் கிளட்ச்

கிளட்ச் என்பது எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே இருக்கும் தட்டுகளின் அடுக்கு. ஒரு தட்டில் உராய்வுப் பூச்சு இருக்கும், அடுத்தது வெறும் இரும்பு, மறுபடி பூச்சுத் தட்டு. இப்படி மாற்றி மாற்றி அடுக்கியதை ஸ்பிரிங்குகள் ஒரு மூடித்தட்டின் வழியே அழுத்திப் பிடித்திருக்கும். கைப்பிடியை இழுத்தால் அழுத்தம் விலகும், எஞ்சின் தனி, சக்கரம் தனி. விட்டால் இரண்டும் ஒன்று.

நாம் முறுக்கும்போது எஞ்சின் சக்கரத்தை இழுத்துப் போகிறது. முறுக்கை விட்டால் கதை தலைகீழ். இப்போது சக்கரம்தான் எஞ்சினைச் சுற்ற வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் அப்போது ஒரு பம்பு போலச் சக்கரத்தைப் பின்னுக்குப் பிடித்து இழுக்கும். இதைத்தான் எஞ்சின் பிரேக் என்கிறோம். கியரை இறக்க இறக்க அந்தப் பிடி இறுகும்.

நான்கிலிருந்து இரண்டுக்கு இறக்கி கிளட்சைச் சட்டென்று விட்டால், அதே வேகத்தில் ஓடும் சக்கரம் எஞ்சினை ஒரே நொடியில் பல ஆயிரம் சுற்று கூடுதலாகச் சுழற்ற வேண்டும். அந்தப் பலம் டயர் தரையைப் பிடித்திருக்கும் பிடியிலிருந்துதான் வர வேண்டும். வண்டி வேகம் குறையும்போது எடை முன்பக்கம் சாய்ந்துவிடுவதால், பின் டயர் ஏற்கெனவே தரையை லேசாகத்தான் தொட்டுக்கொண்டிருக்கும். சாலை ஈரமாக வேறு இருந்தால்? பிடி விட்டுப்போகும். டயர் வழுக்கும், அல்லது டகடகவென்று துள்ளும்.

ஸ்லிப்பர் கிளட்ச் இந்த இடத்தில்தான் உதவிக்கு வருகிறது. அதன் உள் மையத்திலும் மூடித்தட்டிலும் சாய்வான மேடுகளைக் கடைந்து வைத்திருப்பார்கள். எஞ்சின் சக்கரத்தை இழுக்கும்போது அவை பேசாமல் இருக்கும். சக்கரம் எஞ்சினைத் திருப்பித் தள்ளும் பலம் ஓர் அளவைத் தாண்டினால், மேடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூடித்தட்டைச் சற்றே தூக்கும். தட்டுகள் கொஞ்சம் வழுக்கும். டயருக்குப் போக வேண்டிய அதிர்ச்சியைக் கிளட்ச் வாங்கிக்கொள்ளும். வேகம் ஒத்துப்போனதும் பழையபடி பிடித்துக்கொள்ளும்.

அந்தக் காலத்தில் ஆர்எக்ஸ்-ஸெட் ஓட்டிய மாமாக்களுக்கு இந்தத் தலைவலி அதிகம் இல்லை. அது இரண்டு ஸ்ட்ரோக். முறுக்கை விட்டாலும் வண்டி பாட்டுக்கு உருண்டுகொண்டு போகும். பந்தய உலகமும் அப்படித்தான் இருந்தது. 2002இல் மோட்டோ ஜிபி போட்டி, 500 சிசி இரண்டு ஸ்ட்ரோக்கிலிருந்து 990 சிசி நான்கு ஸ்ட்ரோக்குக்கு மாறியபோது, வளைவுக்குள் நுழையும் நேரத்தில் எஞ்சின் பிரேக்கை அடக்குவது பெரிய வேலையாகிப்போனது. ஸ்லிப்பர் கிளட்ச் அங்கே அத்தியாவசியமானது. பிறகு படிப்படியாகக் கடையில் விற்கும் சின்ன மோட்டார்களுக்கும் இறங்கி வந்தது.

இதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ், 2018இல் தன் அப்பாச்சி ஆர்டிஆர் 200 மோட்டாருக்கு ஸ்லிப்பர் கிளட்ச் கொடுத்தது. 2017 டிசம்பரில் வந்த அப்பாச்சி ஆர்ஆர் 310க்கு முதலில் அது இல்லை. 2019இல் சேர்த்தார்கள். சேர்த்ததோடு நிற்காமல், முன்பே வாங்கியவர்களும் தங்கள் மோட்டாரில் அதைப் பொருத்திக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். பிறகு மாட்டும் பாகத்தில் இதைவிட நல்ல வழி இல்லை. வண்டியைச் செய்தவரே, அந்த எஞ்சினுக்கென்று அளவெடுத்துக் கொடுக்கிறார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது தேவைப்படும்.

மெலாவாத்தி மலைக்கா?

அந்தச் சனிக்கிழமை தம்பியை அழைத்துக்கொண்டு, எங்கள் குடும்பத்துக்கு வழக்கமான மோட்டார் கடைக்குப் போனேன். கடைக்கார மாமாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தென்னமரம் தோட்டத்தில் பிறந்தவர். 1917இல் ஹென்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்குச் செம்பனை நட்ட இடம் அதுதான். பெயர் தென்னமரம், நட்டது செம்பனை என்று மாமா எப்போதும் சிரிப்பார். ஒரு காலத்தில் தோட்டத்து மோட்டார்கள் முழுக்க அவர் கையில்தான்.

தம்பி கைப்பேசியில் மூன்று பொருள்களைக் காட்டினான். ஒன்று, பெயர் தெரிந்த நிறுவனத்தின் முழுத் தொகுப்பு, 900 வெள்ளி. இன்னொன்று, அதே மோட்டாரின் அதற்குப் பிந்திய ரகத்தில் வரும் ஒரிஜினல் பாகங்கள், அதைவிடக் கொஞ்சம் குறைவு. மூன்றாவது, பெயரே இல்லாத ஒன்று, 180 வெள்ளி, பளபளவென்று சிவப்பு நிறம்.

மாமா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு கேட்டார்.

"தம்பி, நீ எந்த மலையில ஓட்டுற?"

"மலையா? வேலைக்குத்தான் மாமா. ஈஜோக் வரைக்கும்."

"கோலா சிலாங்கூர்ல மலைன்னா மெலாவாத்தி ஒண்ணுதான். அதுல ட்ராம் ஏறும், கொரங்கு ஏறும். அதுக்கா தொள்ளாயிரம்?"

தம்பிக்கு முகம் சுருங்கியது. ஆசாம் ஜாவாவில் நடந்ததை நானே சொன்னேன். மாமா சிரிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து போய் மோட்டாரைப் பார்த்தார். பின் டயரைக் கையால் தடவினார். நடுப்பகுதி வழவழவென்று இருந்தது. முன் பிரேக் பேட்டை எட்டிப் பார்த்தார். அது ஏறக்குறைய புதிது போல இருந்தது.

"மோட்டார் வாங்கி எவ்வளவு நாளாச்சு?"

"மூணு வருசம் மாமா."

"மூணு வருசமா முன் பிரேக் பேட்டே தேயல. பின் டயர் மொட்டையாயிடுச்சு." என்னைப் பார்த்தார். "நீ இவன் பின்னாலயே ஒரு சுத்து ஓட்டிப் பாரு. அப்புறம் வாங்க."

எரியாத சிவப்பு விளக்கு

புக்கிட் ரோத்தானிலிருந்து ஜெராம் வரை போய்த் திரும்பினோம். தம்பி முன்னால், நான் என் மோட்டாரில் பின்னால். என் மோட்டார் எந்த நிறுவனத்துடையது என்று சொல்லப் போவதில்லை. விளம்பரக் காசு தராதவர்களின் பெயரை ஒலிபரப்பக் கூடாது என்பது வானொலியில் நான் கற்ற முதல் பாடம்.

முதல் சமிக்ஞை விளக்கிலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம்பியின் மோட்டார் வேகம் குறைகிறது. எஞ்சின் ஊய் ஊய் என்று கத்துகிறது, கியர் ஒவ்வொன்றாக இறங்குவது காதில் கேட்கிறது. ஆனால் பின்னால் சிவப்பு விளக்கு எரியவில்லை! கிட்டத்தட்ட நிற்கப் போகும்போதுதான், பின் பிரேக்கை லேசாக மிதித்திருக்கிறான், விளக்கு மினுக்கென்று எரிந்தது. நான் கொஞ்சம் அசந்திருந்தால் அவன் மேலேயே ஏறியிருப்பேன்.

திரும்பி வந்து கேட்டேன்.

"முன் பிரேக்கே பிடிக்க மாட்டியா?"

"முன் பிரேக் புடிச்சா குப்புறக் கவுந்துடும்ணே. அப்பா சொல்லியிருக்காரு."

சித்தப்பா மட்டுமா சொன்னார்? என் அப்பாவும் சொல்லியிருக்கிறார். நம்மில் எத்தனை பேரின் அப்பா சொல்லியிருப்பார்! அவர்கள் சொன்னது பொய் இல்லை. அவர்கள் ஓட்டிப் பழகியது தோட்டத்துச் செம்மண் சாலையில். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் உருளும் கல், வழியெங்கும் உதிர்ந்த செம்பனைப் பழம். பால் தோம்போ கட்டிய மோட்டாரில் அப்படிப்பட்ட இடத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால் முன் சக்கரம் வழுக்கி ஆள் விழுவது நிச்சயம். அதனால் கியரை இறக்கி, பின் பிரேக்கை மிதித்து நிறுத்தினார்கள். அந்தச் சாலைக்கு அது சரியான பாடம்.

சாலை தார்ச்சாலை ஆகிவிட்டது. மோட்டாருக்கு முன்னால் டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. வேகம் இரு மடங்காகிவிட்டது. பாடம் மட்டும் செம்மண் சாலையிலேயே நிற்கிறது. தார்ச்சாலையில் வண்டியை நிறுத்தும் பலத்தில் பெரும் பங்கு முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. எடை அங்கேதான் போய் அமர்கிறது. தம்பியோ எடை விலகிப்போன பின் சக்கரத்திடம், அதுவும் எஞ்சினை வைத்து, முழு வேலையையும் வாங்கிக்கொண்டிருந்தான்.

கடைக்குத் திரும்பி மாமாவிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு உறைத்தது.

"ஸ்லிப்பர் போட்டா என்னா ஆவும்? எஞ்சின் புடிக்கிறது கொறையும். இவன் எஞ்சினை வச்சுத்தான் நிப்பாட்டுறான். அப்போ இவன் மோட்டார் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் நிக்கும். வழுக்கி விழ மாட்டான். நேரா போயி முன்னால இருக்கிற காடி மேல மோதுவான்."

தம்பி எதுவும் பேசவில்லை. நானும்தான்.

வாசகர்களே, இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்லிப்பர் கிளட்ச் ஒரே ஒரு தவறைத்தான் மன்னிக்கும்: கியரை இறக்கும்போது எஞ்சின் பின் டயரைச் சுண்டி இழுப்பதை. மொட்டை டயரை அது மன்னிக்காது. பின் பிரேக்கை மிதித்துப் பூட்டுவதை மன்னிக்காது. முன்னால் போகும் காடியை ஒட்டிப் போவதை மன்னிக்காது. முன் பிரேக்கைத் தொடாத பழக்கத்தையோ அது இன்னும் ஆபத்தாக்கும்.

"எனக்குத்தான் ஏபிஎஸ் இருக்கிறதே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2025 ஜனவரி 1 முதல் 150 சிசியும் அதற்கு மேலும் உள்ள புதிய மோட்டார்சைக்கிள் ரகங்களுக்கு நம் நாட்டில் ஏபிஎஸ் கட்டாயம். நல்ல விஷயம்தான். ஆனால் ஏபிஎஸ் பிரேக்கின் அழுத்தத்தை மட்டும்தான் விட்டு விட்டுப் பிடிக்கும். எஞ்சின் இழுத்துப் பூட்டிய டயரை அதனால் விடுவிக்க முடியாது. அதுபோல, பிரேக் பூட்டிய டயரை ஸ்லிப்பர் கிளட்ச் விடுவிக்காது. இரண்டும் இரண்டு வேறு நோய்க்கான மருந்து.

முதலில் கை, பிறகு பாகம்

தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பியும் நானும் தாமானுக்குப் பின்னால் வீடு கட்டாமல் கிடக்கும் காலிச் சாலைக்குப் போனோம். அதற்கு முன் பின் டயரை மாற்றினான். செலவு 900 வெள்ளிக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

முதல் வாரம் முன் பிரேக் மட்டும். 20 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, இரண்டு விரலால் மெல்லப் பிடித்து, பிடியைக் கூட்டிக்கொண்டே போவது. வண்டியின் மூக்கு கீழே அமர்வதைக் கையில் உணர வேண்டும். சுண்டிப் பிடித்தால்தான் ஆபத்து, பிழிந்து பிடித்தால் இல்லை. வண்டி நேராக இருக்கும்போது பிடிக்க வேண்டும், வளைந்திருக்கும்போது அல்ல. மணலோ சேறோ கண்டால் அப்பா சொன்ன பாடம் இன்றும் செல்லும்.

இரண்டாம் வாரம் கியர். ஒரு நேரத்தில் ஒரு கியர்தான் இறக்க வேண்டும். கிளட்சை இழுத்து, கியரை இறக்கும் அந்த நொடியில் வலக்கையால் ஒரு சின்ன முறுக்கு. எஞ்சின் சுற்று மேலே ஏறி, சக்கரத்தின் வேகத்தோடு ஒத்துப்போன பிறகு கிளட்சை விடுவது. இதைச் சரியாகச் செய்தால் ஸ்லிப்பர் கிளட்ச் செய்யும் வேலையில் பெரும்பகுதியை உங்கள் கையே செய்துவிடும். இலவசமாக!

மூன்றாம் வாரம் இரண்டையும் சேர்த்து. முதலில் பிரேக், பிறகு கியர். தம்பி வியர்த்துக் கொட்டினான். ஆனால் பின் டயர் ஒரு தடவைகூட வழுக்கவில்லை.

அப்படியென்றால் ஸ்லிப்பர் கிளட்ச் வீண் செலவா? இல்லை. இரவு வேலை முடித்து அசதியோடு வரும் ஒருவனின் கை எல்லா நாளும் ஒரே மாதிரி வேலை செய்யாது. திடீரென்று நாய் குறுக்கே ஓடினால் சின்ன முறுக்கெல்லாம் மறந்துபோகும். ஞாயிறு காலையில் நண்பர்களோடு கோல குபு பாரு வழியாக ஃபிரேசர் மலைப் பாதையில் ஏறி இறங்குபவர்களுக்கு, வளைவுக்கு வளைவு கியர் இறக்க வேண்டியிருக்கும். கையின் பிழையைப் பாகம் ஒரு தடவை தாங்கிக்கொண்டால் அது உயிரைக் காக்கும். ஆனால் அது கைக்குத் துணைதான், கைக்குப் பதில் இல்லை.

வாங்குவதென்றால்

மாமா சொன்னதையும் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில், உங்கள் மோட்டாரில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். அண்மைக் காலச் சின்ன மோட்டார்கள் பலவற்றில் ஆலையிலேயே வருகிறது. இருப்பதையே மீண்டும் வாங்கியவர்கள் உண்டு என்று மாமா சிரிக்கிறார்.

இல்லையென்றால், உங்கள் மோட்டாரின் பெயர் மட்டும் பொருந்தினால் போதாது. தயாரித்த ஆண்டும் பொருந்த வேண்டும். அதே பெயரில் வரும் மோட்டாரில்கூடத் தட்டுகளின் எண்ணிக்கையோ தடிமனோ மாறியிருக்கலாம். அதே நிறுவனத்தின் பிந்திய ரகத்துப் பாகம் உங்கள் எஞ்சினுக்குள் உட்காருமா என்பதை, அதை ஏற்கெனவே மாட்டிப் பார்த்த மெக்கானிக்கிடம் கேளுங்கள். உட்காரும் என்றால் அதுவே பெரும்பாலும் நல்ல தேர்வு. ஓசூர்க் கதையை இதற்காகத்தான் சொன்னேன்.

முழுத் தொகுப்பாக வாங்குங்கள். உள் மையம், மூடித்தட்டு, ஸ்பிரிங், தட்டுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்தவையாக இருக்க வேண்டும். ஒன்றை இங்கும் ஒன்றை அங்கும் வாங்கிச் சேர்த்தால், சாய்வு மேடு ஏறும் அளவும் ஸ்பிரிங் அழுத்தும் அளவும் ஒத்துப்போகாது.

பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள் மையமும் மூடித்தட்டும் சேரும் இடத்தில் சாய்வு மேடுகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தட்டையாக இருந்தால் அது ஸ்லிப்பர் கிளட்சே இல்லை, எத்தனை சிவப்பாக இருந்தாலும். மேடுகளின் விளிம்பு பிசிறில்லாமல் வழவழப்பாக இருக்க வேண்டும். பிசிறு இருந்தால் ஏறிய மேடு இறங்காமல் சிக்கிக்கொள்ளும்.

'அசிஸ்ட்' என்ற சொல்லையும் புரிந்துகொள்ளுங்கள். அசிஸ்ட் ஸ்லிப்பர் என்றால் இரண்டு வகைச் சாய்வுகள் இருக்கும். ஒன்று மேலே சொன்னதுபோல் தட்டுகளைத் தளர்த்தும். மற்றொன்று முறுக்கும்போது தட்டுகளைச் சேர்த்து இறுக்கும். இறுக்கும் வேலையில் ஒரு பங்கைச் சாய்வே செய்வதால் மென்மையான ஸ்பிரிங் போதும், கைப்பிடியும் லேசாக இருக்கும். நெரிசலில் தினமும் போகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் மலிவான சிலவற்றில் சாய்வு இருக்காது. ஸ்பிரிங்கை மட்டும் மென்மையாக்கி, கைப்பிடி லேசாகிவிட்டது பார் என்று விற்பார்கள். அது முறுக்கும்போதும் வழுக்கும். எஞ்சின் கத்தும், வேகம் ஏறாது. தட்டுகள் கருகிப் போகும்.

மாட்டும்போது புதிய உராய்வுத் தட்டுகளை முதலில் எண்ணெயில் ஊறவைக்க வேண்டும். நடு நட்டைக் கை பலத்தில் குத்துமதிப்பாக முறுக்கக் கூடாது, டார்க் ஸ்பேனரில் அளவாக முறுக்க வேண்டும். மூடியின் கேஸ்கெட் புதிதாக இருக்க வேண்டும். மினாக் ஈத்தாம் மோட்டார்சைக்கிளுக்கு உரியதாக, டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருப்பதாக இருக்க வேண்டும். வீட்டில் மிச்சம் இருக்கும் காடி எண்ணெயை ஊற்றினால் எந்தக் கிளட்சும் வழுக்கும்.

இன்னொன்று. பேட்டரி இறங்கிப்போனால் தள்ளி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. தள்ளும்போது சக்கரம்தான் எஞ்சினைச் சுற்ற வேண்டும். ஸ்லிப்பர் கிளட்ச் தளர்ந்து கொடுப்பது அந்தத் திசையில்தான். ஆகவே தள்ளி ஸ்டார்ட் செய்வது முன்பைவிடக் கடினமாகலாம். செம்பனைக் காட்டுக்குள் தனியாக வேலைக்குப் போகிறவர்கள் பேட்டரியைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் இன்னும் உத்தரவாதக் காலத்தில் இருந்தால், எஞ்சினைத் திறப்பதற்கு முன் விற்ற கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

போன வாரம்

தம்பி அந்த 180 வெள்ளிப் பொருளைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டான். டயர் போக மிச்சமிருந்த பணத்தோடு இன்னும் ஒரு மாத ஓவர்டைமைச் சேர்த்து, பிந்திய ரகத்தின் ஒரிஜினல் பாகங்களையே முழுத் தொகுப்பாக வாங்கினான். அவன் மோட்டாரில் அது சரியாக உட்காரும் என்று மாமா முன்பே மாட்டிப் பார்த்த அனுபவத்தில் சொல்லியிருந்தார். அவரே டார்க் ஸ்பேனர் வைத்து மாட்டிக் கொடுத்தார். கூலி கேட்டபோது, "முன் பிரேக் பேட் தேஞ்சதும் வா, அதுல வாங்கிக்கிறேன்" என்றாராம்.

போன வாரம் ஜெராமிலிருந்து இருவரும் சேர்ந்து வந்தோம். நல்ல மழை. அதே ஆசாம் ஜாவா, சொல்லிவைத்தாற்போல அதே சிவப்பு விளக்கு. எங்களுக்குப் பின்னால் ஒரு லாரி. தம்பி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

கியர் இறங்கும் சத்தம் கேட்பதற்கு முன்பே, அவன் பின்னால் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. கண்ணாடியில் பார்த்தேன். லாரியும் வேகம் குறைத்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சித்தி மோட்டாரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எங்கய்யா அந்த சிலிப்பர்? ஒண்ணையும் காணோமே?"

"உள்ளே இருக்கு சித்தி, வெளியில தெரியாது" என்றேன்.

"என்னாமோ போ. பய பத்திரமா வந்தா சரி."

உங்கள் வீட்டுப் பிள்ளையின் மோட்டாருக்குப் பின்னால் ஒரு நாள் நீங்களும் போய்ப் பாருங்கள். வேகம் குறையும்போது அந்தச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று. அடுத்த வாரம் சந்திப்போம்.